செலினா பொடியை நிறுத்திய வாரம்

1

இந்தக் கதை என் மனைவியின் வலது முழங்காலிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது உளறி மாட்டிக்கொள்வதைவிட இது மேல். அவள் பெயர் லீமா. கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் மேட்ரன். நான் மனுவேல். அதே பள்ளியில் தமிழ் வாத்தியார், விடுமுறை நாட்களில் எழுத்தாளர்.

"என்னைய வச்சுக் கதை கிதை எழுதிராதீங்க" என்று லீமா பலமுறை சொல்லியிருக்கிறாள். எழுத மாட்டேன் என்று நானும் பலமுறை வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கதையில் அவள் பெயர் செலினா.

போன வருடமே ஒரு சிறு பத்திரிகை தன் உடல்நலச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டது. பொருளையும் அவர்களே கொடுத்தார்கள்: உடற்பயிற்சியையும் மூலிகையையும் சேர்த்து, உடல் பருமனால் வரும் அழற்சியைக் குறைப்பது. ஆசிரியர் போனில் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "இதுல கதை எங்க சார் இருக்கு?" என்றேன். "அதைக் கண்டுபிடிக்கத்தான உங்களைக் கேக்கிறோம்" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், லீமா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதே கதை கிடைத்துவிட்டது.

இன்று பெரிய வெள்ளி. இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஏப்ரல் மாதம். கதையை நாளைக்குள் அனுப்ப வேண்டும். இதுவரை கிறுக்கிவைத்த தாள்களையெல்லாம் மேசையில் பரப்பி, எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பங்குமக்கள் அத்தனை பேரும் சிலுவைப்பாதைக்குப் போயிருக்கிறார்கள். கோயிலில் தொடங்கி மேட்டின் உச்சியிலுள்ள குருசடி என்னும் சிலுவை மேடை வரை பதினான்கு தலங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, முழங்காலிட்டு, ஜெபித்து ஏறுவார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை எல்வின் பேட்டரி மைக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தலமாக அறிவிப்பது என் மேசை வரை கேட்கிறது. லீமாவும் அந்தக் கூட்டத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறாள். நான் போகவில்லை. கதை முடியவில்லை என்பது ஒரு காரணம். அந்த ஏற்றம் இன்னொரு காரணம்.

"முதலாம் தலம்" என்கிறது மைக். நானும் ஆரம்பிக்கிறேன்.

2

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, லீமாவை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தேன். கவுஞ்சி வரை போனேன். அந்தத் தொடக்கம் இது:

[கவுஞ்சியில், மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய பூண்டு வயலில், பாண்டியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பருத்த அவள் உடம்பு வேர்த்திருந்தது. தினமும் நடக்க வேண்டும், கை கால்களுக்கு அசைவு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு]

இதற்கு மேல் பேனா நகரவில்லை. விடிந்ததிலிருந்து குனிந்து பூண்டு பிடுங்குகிறவளிடம் கை காலை அசைக்கச் சொன்னால், அவள் கையிலிருக்கும் களைக்கொத்தாலேயே என்னைத் துரத்துவாள். சந்தேகம் தீர, போன மாதம் கவுஞ்சிப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கேட்டும் பார்த்தேன்.

"எக்சசைஸா? டவுன்ல சோலி இல்லாதவுக ஏரியைச் சுத்துவாக. நாங்க எதைச் சுத்தணும்?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்த கேரட்டை ஒன்று எடுத்து என்னிடம் கொடுத்தார். "தின்னுக்கிட்டே வாங்க, நல்லது."

பாண்டியம்மாளை அவள் வயலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். (அவளை இனி நீங்கள் பார்க்கப்போவதில்லை. மறந்துவிடலாம்.) திரும்பி வந்தால் வீட்டில் இருப்பது லீமாதான்.

3

சரி, செலினா.

செலினா விடுதி மேட்ரன். ஐம்பதை ஒட்டிய வயது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கிற பிரெட் புட்டிங்கைக் குப்பையில் போட மனம் வராமல் தின்றே பருத்தவள். [அவள் நடந்தால் பூமி அதிர்ந்த] இல்லை. இதை எழுதிய கை என்னுடையது என்று நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. அவள் நடந்தால் அவளுக்கு வலித்தது. அவ்வளவுதான்.

முழங்கால் வீங்கிப் போய் டாக்டர் சத்தியபிரியாவிடம் போனாள். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொழுப்புன்னா சும்மா மூட்டை கட்டிவச்ச மாதிரி கெடக்காது மேடம். அது உடம்பு முழுக்க லேசா வீக்கத்தைக் கெளப்பிக்கிட்டே இருக்கும். முட்டியில உங்களுக்குத் தெரியுது, உள்ள தெரியல. எடையைக் குறைங்க. நடங்க."

"நடந்தா வலிக்குதே டாக்டர்."

"நடந்தாத்தான் வலி குறையும்."

(பத்திரிகைக்காரர்கள் அழற்சி என்று சொன்னது இந்த உள்வீக்கத்தைத்தான். நான் புரிந்துகொண்டது இவ்வளவே. தப்பு இருந்தால் பிழை என்னுடையது, டாக்டருடையதல்ல.)

வலியால் நடக்க முடியவில்லை, நடக்காததால் வலி குறையவில்லை. செலினா இந்தச் செக்கில் பல மாதம் சுற்றினாள். அப்புறம்தான் யாரோ சொல்லி, ஏரிக்குப் போகிற வழியில் இருக்கும் பொன்னுவேல் கடையில் மூட்டுவலிப் பொடி வாங்கினாள். காலையும் மாலையும் வெந்நீரில் ஒரு கரண்டி. மூன்றாம் நாள் முழங்கால் வடிந்துவிட்டது. அந்த வாரமே ஏரியைச் சுற்ற ஆரம்பித்தாள். குதிரைக்காரர்களையும் வாடகை சைக்கிள்களையும் தாண்டி, பனியில் தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு, வெள்ளனே போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள். கிறிஸ்துமஸுக்குள் இடுப்பில் சேலை தளர்ந்தது. கை காலெல்லாம் ஒடுங்கின. முகம் மட்டும் நன்றாகப் பூரித்து, (அடித்தது: பௌர்ணமி நிலவு போல) வட்டமாக இருந்தது. தேய்ந்த உவமை என்பதால் நிலவை அடித்துவிட்டேன்.

நடையா, பொடியா, இல்லை இரண்டும் சேர்ந்தா? செலினா இரண்டும் என்றாள். பொடி இல்லையென்றால் நடந்திருக்க மாட்டேன், நடக்கவில்லையென்றால் பொடி மட்டும் என்ன செய்யும் என்பது அவள் கட்சி. நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இத்தோடு நிறுத்தினால் பொன்னுவேல் கடை வாசலில் விளம்பரமாகத் தொங்கவிடலாம், கதையாக அச்சடிக்க முடியாது. கதைக்கு ஆபத்து வேண்டும்.

"மூன்றாம் தலம்" என்கிறது மைக். சீக்கிரமாகத்தான் ஏறுகிறார்கள்.

4

ஆபத்தைக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். பொன்னுவேலை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன்.

[பொட்டலத்தை மடிக்கும்போது பொன்னுவேலின் கண்களில் ஒரு கள்ளம் மின்னி]

மின்னவில்லை. நான் கடைக்குப் போய்ப் பார்த்தபோது அவன் கண்ணில் இருந்தது கண்ணாடி மட்டும்தான். அதுவும் ஒரு காது உடைந்து நூலால் கட்டியது. அலமாரியில் யூகலிப்டஸ் தைலம், தேன், வீட்டில் செய்த சாக்லேட். கீழ்த்தட்டில் பொடிப் பொட்டலங்கள்.

"இதுல என்னென்னப்பா சேருது?" என்று கேட்டேன்.

"சுக்கு, மஞ்சள், மூக்கிரட்டை, நெருஞ்சி, கடுக்காய்... இன்னும் ரெண்டு மூணு இருக்கு சார். கீழேருந்து மூட்டையா வருது. நான் பொட்டலம் போடுறதோட சரி."

"கீழேன்னா எங்க?"

"அதெல்லாம் ஏஜென்டுக்குத்தான் தெரியும். நல்ல சரக்கு சார். நானே சாப்பிடுறேன்ல, இந்தா பாருங்க." பொன்னுவேல் கடைக்கு நடுவில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்து காட்டினான். "முன்னாடின்னா என்னையத் தூக்க ரெண்டு ஆளு வேணும். மேடத்துக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஏரியைச் சுத்துது."

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லிருங்க சார். விடாமச் சாப்பிடணும். நடுவுல நிப்பாட்டிறக் கூடாது. நிப்பாட்டுனா ஆளைப் படுக்கப் போட்டுரும்னு ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் குடுக்கிறான்."

"ஏன் அப்படி?"

"மூலிகையோட வீரியம் சார்."

அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறந்துவிடக் கூடாதே என்று வீடு வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நல்ல வசனம் என்று நினைத்தேன். என்ன சொல்கிறான் என்று நினைக்கவில்லை. லீமாவிடம் சொல்லவுமில்லை.

தான் விற்கிற பொடியைத் தானே தின்கிறவனை வில்லன் என்று எழுத என் கை வரவில்லை. அவனை அப்பாவியாக்கி, குற்றத்தை முகம் தெரியாத 'கீழே'க்கு அனுப்பிவிட்டேன்.

5

ஆபத்து கிடைத்த இடத்தைச் சொல்கிறேன். டாக்டர் சத்தியபிரியா என் பழைய மாணவி. கதைக்காக அவளுடைய கிளினிக்குக்குப் போனேன்.

"ஒருத்தி எடை குறைய நடக்கிறா, மூலிகைப் பொடியும் சாப்பிடுறா. அவளுக்கு ஒரு ஆபத்து வேணும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "வாத்தியார் வேலையை விட்டுட்டு என்ன சார் இது?" அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தாள். "மஞ்சள், சுக்கெல்லாம் நடையோட சேத்து அளவா சாப்பிட்டா பெரும்பாலும் கெடுதல் இல்ல சார். கொஞ்சம் உதவக்கூடச் செய்யலாம். ஆனா மெதுவாத்தான் கேக்கும். நடைதான் மெயின். ஒரு பொடி சாப்பிட்டு ரெண்டு மூணு நாள்லயே வீக்கம் வடிஞ்சுதுன்னா எனக்குப் பயம் வரும்."

"என்ன பயம்?"

"ஸ்டீராய்டு கலந்திருப்பாங்களோன்னு. எல்லாரும் பண்றதில்ல. சில பேர் பண்றாங்க. வலி பறந்துரும் சார். ஆனா முகம் உருண்டையாகும், தோல் லேசா இடிச்சாலே கன்னிப் போகும். அதைவிட மோசம், உடம்பு தானா சுரக்கிற மருந்தை நிப்பாட்டிரும். அதான் வெளியேருந்து வருதேன்னு சும்மா இருந்துரும். அந்த நேரம் பாத்துப் பொடியைத் திடீர்னு விட்டா, உடம்புக்குப் பிடிச்சு நிக்க ஒண்ணும் இருக்காது. வாந்தி, அசதி, பிரஷர் எறங்கும். அதோட பட்டினி, ஏத்தம் ஏறுறது, காய்ச்சல்னு ஏதாச்சும் சேந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"அருமை" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "லீமா மேடம் அந்த மாதிரிப் பொடி எதுவும் சாப்பிடலையே சார்?"

"சேச்சே" என்றேன். 'டாக்டர்ட்ட சொல்லிறாதீங்க, அது திட்டும்' என்று லீமா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாக்கை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

(இந்த இடத்தில் நீங்கள் எனக்கு முன்னால் போய்விட்டீர்கள் என்று தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். பொடியில் ஸ்டீராய்டைக் கலந்தது நான். அதுவும் செலினாவின் பொடியில், காகிதத்தில். லீமா சாப்பிடுவது பொன்னுவேலே சாப்பிடுகிற பொடி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள நான் என்ன புதிதாக எழுத வந்தவனா? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

"ஐந்தாம் தலம்." மைக்கில் எல்வினின் குரலுக்கே மூச்சு வாங்குகிறது.

6

ஆபத்து கிடைத்தும் கதை பல நாள் நின்ற இடத்திலேயே நின்றது. காரணம், செலினா ஏன் பொடியை நிறுத்த வேண்டும்? நன்றாகக் கேட்கிற மருந்தை யாராவது விடுவார்களா? கடையை மூடிப் பார்த்தேன். [மழையில் சாலை சரிந்து மலைப்பாதை அடைபட] ஏப்ரலில் எங்கே அந்த மழை? செலினாவுக்கும் பொன்னுவேலுக்கும் சண்டை மூட்டிப் பார்த்தேன். இருவரும் சண்டை போடுகிற ஆட்கள் இல்லை.

அந்தக் காரணம் இன்று காலைதான் கிடைத்தது.

லீமா சிலுவைப்பாதைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குளியலறையில் வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யுது?" என்றேன்.

"ஒண்ணுமில்லங்க. இன்னைக்கு ஒருசந்தி, பட்டினி வயிறு. வெறும் வயித்துல தண்ணி குடிச்சது ஒத்துக்கல."

"பொடி சாப்பிட்டியா?"

"அதைத்தான் விட்டுட்டேனே, குருத்து ஞாயித்துலருந்து. அஞ்சு நாளாச்சு."

"ஏன்?"

"தவக்காலத்துல நமக்குப் பிடிச்சது ஒண்ணை விடணுமுல்ல? எல்லாரும் கறியை விடுறாக. நான் கறியை எப்பவோ விட்டாச்சு. இனிப்பையும் டாக்டர் விடச் சொல்லி விட்டாச்சு. இப்ப எனக்குப் பிடிச்சதுன்னு அந்தப் பொடியை விட்டா வேற என்ன இருக்கு? புனித வாரத்துக்கு மட்டுமாச்சும் அதை ஒப்புக்குடுத்துருவோம்னுதான். ஆண்டவர் அத்தனை பாடு பட்டிருக்காரு, நம்ம முட்டி ஒரு வாரம் வலிச்சா என்ன கொறஞ்சிரும்?"

ஒரு கணவன் செய்ய வேண்டியது அவளைப் பிடித்து உட்கார வைப்பது. நான் பென்சிலைத் தேடினேன்.

"அந்தக் கடைசியில சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

"எதுக்கு?"

"சும்மாதான்."

லீமா என் கையைப் பார்த்தாள். "எழுதுறீங்களா? நல்லா எழுதுங்க. எந்திரிச்சு வந்து ஒரு தலமாச்சும் நடந்தா என்ன? டாக்டர் உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுச்சு." செல்போனை அடுப்படி அலமாரியிலேயே வைத்தாள், பெரிய வெள்ளியன்று அதைக் கோயிலுக்குக் கொண்டுபோக மாட்டாள். "கஞ்சி மூடி வச்சிருக்கேன். வந்து ஊத்துறேன்." வாசல் படியில் இறங்கும்போது ஒருதரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு பெண் நல்ல மருந்தை ஏன் நிறுத்துவாள் என்பதற்கு எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் தர முடியாத காரணம். மருந்து என்பதற்காக அல்ல, பிடித்தது என்பதற்காக நிறுத்துகிறாள். அதை எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். தேநீர்கூடப் போட்டுக் குடித்தேன்.

7

செலினாவை ஏற விடுகிறேன்.

கூட்டத்தின் நடுவில் ஏறிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தலத்தில் முழங்காலிட்டவள் எழும்போது பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "என்ன மேடம்?" என்றதற்குத் தலையை ஆட்டினாள். ஐந்தாம் தலத்தில் வயிறு புரட்டியது. இன்று பட்டினிதானே, இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குளிர்காற்றிலும் கழுத்தெல்லாம் வேர்த்தது. ஜெபமாலை சுற்றியிருந்த கையைத் தூக்கி முகத்தைத் துடைத்தபோது, முன்கையில் சாம்பார் அண்டா இடித்த இடம் நீலமாகக் கன்றியிருந்தது.

நன்றாக வருகிறது. எங்கே விழ வைப்பது? மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் தலங்களில் இயேசுவே கீழே விழுகிறார். அங்கே செலினாவையும் விழ வைத்தால், வாசகர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதனால் எட்டாம் தலத்தைத் தாண்டி, ஒன்பதாம் தலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், ஒன்றுமே இல்லாத ஒரு வளைவில் நிறுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் மூன்று முடிவுகள் கையில் இருக்கின்றன.

(அ) செலினா விழுகிறாள். பட்டினி மயக்கம் என்று நினைத்து ஜூஸ் கொடுத்து நிழலில் உட்கார வைத்துவிட்டுக் கூட்டம் மேலே போகிறது. திரும்பி வரும்போது அவள் உயிரோடு இல்லை. பலமான முடிவு.

(ஆ) கூட்டத்தில் தற்செயலாக ஒரு டாக்டர் இருக்கிறார். பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுகிறார். மலிவான முடிவு. இதை எழுதுகிறவன் பேனாவைப் பிடுங்க வேண்டும்.

(இ) பொன்னுவேல் ஓடிவந்து தூக்குகிறான். தூக்கும்போதுதான் ஏஜென்ட் சொன்னது அவனுக்கு உறைக்கிறது. கொஞ்சம் நாடகம், ஆனால் தப்பில்லை.

(அ) பக்கம்தான் மனம் சாய்கிறது. சேலைக் கடையில் உட்கார்ந்து இதைக் காட்டுங்க, அதைக் காட்டுங்க என்கிற மாதிரி மூன்றையும் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

"எட்டாம் தலம்" என்கிறது மைக்.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். முன்கையில் அந்த நீலக் கன்றல். நல்ல விவரம். இதை எங்கிருந்து எடுத்தேன்?

சாம்பார் அண்டா என் கற்பனை. கன்றல் கற்பனை இல்லை. போன வாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லீமாவின் கையில் பார்த்தேன். "எதுல இடிச்ச?" என்று கேட்டதற்கு, "இடிச்ச ஞாபகமே இல்லங்க" என்றாள்.

முகம். நிலவை நான்தான் அடித்தேன். முகத்தை அடிக்கவில்லை. அது லீமாவின் முகம்.

மூன்றாம் நாள் வடிந்தது லீமாவின் முழங்கால். நடுவில் நிப்பாட்டக் கூடாது என்று சொன்னது லீமாவுக்காக. காலையில் வாந்தி எடுத்தது லீமா.

இந்தக் கதையில் நானாகச் செய்தது ஸ்டீராய்டு ஒன்றுதான். மற்றதெல்லாம் என் வீட்டிலிருந்து எடுத்தவை. அந்த ஒன்றும் நிஜமாகவே இருந்துவிட்டால்?

மேட்டில் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். பாட்டு நடுவில் குலைகிறது. முன்னால் போகிறவர்கள் பாடுகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மைக் கரகரக்கிறது. எல்வின் ஜெபம் சொல்கிற குரலில் பேசவில்லை. "தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க, காத்து வரட்டும்" என்கிறான். அத்தோடு மைக் அணைந்துவிட்டது.

யாரென்று சொல்லவில்லை.

8

லீமாவின் செல்போனுக்கு அடித்தேன். அது அடுப்படியில், மூடிவைத்த கஞ்சிக்குப் பக்கத்தில் மணியடித்தது. காலையில் அவள் அதை வைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

டாக்டருக்கு அடித்தேன். வீட்டில் இருந்தாள்.

"சார், அந்தக் கதைக்கா? இன்னைக்கு லீவு சார்."

"கதைக்கு இல்லம்மா."

அவள் அடுத்ததைக் கேட்பதற்குள் நானே சொன்னேன்.

"லீமாதான். ஆறு மாசமாப் பொடி சாப்பிடுறா. நான் உன்கிட்டப் பொய் சொன்னேன். ஞாயித்துக்கிழமை நிப்பாட்டிட்டா. காலையில வாந்தி. ஒருசந்தி வேற. குருசடி மேட்டுல ஏறிக்கிட்டிருக்கா, இப்ப மைக்குல..."

"சார், நான் சொல்றதைக் கேளுங்க. பொடியில அது இருக்கான்னு இப்ப நமக்குத் தெரியாது. இருக்குன்னே வச்சுக்கிட்டுச் செய்யணும். உக்கார வைக்க விடாதீங்க, படுக்க வைங்க, காலை ஒசத்தி வைங்க. வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க, நான் நேரா அங்க வந்துர்றேன். ஊசியும் சலைனும் நேரத்துக்குப் போயிருச்சுன்னா ஆளு எந்திரிச்சுருவாங்க. ஆனா அங்க இருக்கிறவங்க பட்டினி மயக்கம்னுதான் நெனைப்பாங்க. ஜூஸ் குடுத்து வச்சிருப்பாங்க. அது பத்தாது. பொடியை விட்ட விஷயம் மேல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான்."

"அப்ப ஏன் சார் இன்னும் போன்ல நிக்கிறீங்க?"

எல்வினுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அந்த மேட்டில் எப்போதுமே சிக்னல் கிடைப்பதில்லை.

மேசையில் மூன்று முடிவுகளும் கிடந்தன. இப்போது சொல்கிறேன், எனக்கு (ஆ) வேண்டும். அந்த மலிவான முடிவு. பேனாவைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. யாராவது ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், விடுமுறைக்கு வந்த ஒரு டூரிஸ்ட் டாக்டராவது தற்செயலாக அந்த வளைவில் நின்றுகொண்டிருக்கட்டும். (அ) எழுதிய தாளைக் கிழித்தேன். கிழித்தால் நடக்காது என்று ஒரு நினைப்பு.

9

ஓடுகிறவனால் எழுத முடியாது. ஆகவே இந்தப் பகுதியை எப்போது எழுதினேன், எங்கே உட்கார்ந்து எழுதினேன், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள். அதைச் சொன்னால் முடிவு தெரிந்துவிடும். நான் சொல்லப்போவதில்லை. அன்று மேட்டின் பாதியில் நின்றபோது எனக்கு எவ்வளவு தெரிந்ததோ, அவ்வளவுதான் உங்களுக்கும்.

கோயிலைத் தாண்டும்வரை ஓடினேன். முதல் தலம் வரை வேகமாக நடந்தேன். இரண்டாவதில் நெஞ்சில் மூச்சு அடைத்தது. என் உடம்பைப் பற்றி இதுவரை சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதுகிறவனுக்கு உடம்பு இருப்பதாக எழுதுகிறவன் சொல்வதில்லை. லீமா விட்ட பிரெட் புட்டிங்கை இந்த ஆறு மாதமாகத் தின்றது நான்தான். அவள் ஏரியைச் சுற்றிய காலைகளில் நான் மேசையில் உட்கார்ந்து அவள் சுற்றுவதை எழுதினேன்.

மூன்றாவதில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்காவதுக்குப் பாதி தூரம் தவழ்ந்தேன். ஐந்தாம் தலத்தில் கால் நின்றுவிட்டது. சிலுவைக்குக் கீழே பலகையில், சீமோன் சிலுவையைச் சுமக்க இயேசுவுக்கு உதவுகிறார் என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவு தூரம்தான்.

மேலேயிருந்து சத்தம் ஒன்றுமில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் அடுத்த வளைவுக்கே எட்டவில்லை.

இதுவரை என்னோடு வந்துவிட்டீர்கள். உங்களுக்கு மூச்சு வாங்கவில்லை. நீங்கள் போங்கள்.

ஆறாம் தலத்துக்கு மேல் பாதை குறுகும், பைன் மரத்தின் ஊசி இலைகள் வழுக்கும், பார்த்துப் போங்கள். எட்டாம் தலத்தைத் தாண்டியதும் வளைவில் கூட்டம் நிற்கும். முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார்கள். ஜூஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பட்டினி மயக்கம், சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நினைவு இருந்தால் அவளும் அதையேதான் சொல்வாள், யாருக்கும் சிரமம் கொடுக்கப் பிடிக்காதவள். நம்பாதீர்கள். விலக்கிக்கொண்டு உள்ளே போய் அவளைப் படுக்க வையுங்கள். காலை உயர்த்தி வையுங்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்லுங்கள்:

"இவங்க மூட்டுவலிப் பொடி சாப்பிட்டவங்க. ஞாயித்துக்கிழமை நிப்பாட்டிட்டாங்க. இது பட்டினி மயக்கம் இல்ல. தூக்குங்க."

பெயர் கேட்டால் செலினா என்று சொல்லிவிடாதீர்கள். லீமா என்று சொல்லுங்கள்.